சியான் நகரத்து மாப்பிள்ளைப் படம்

என் புருசன் வீரக்குட்டி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவரைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் திட்டாகத்தான் இருக்கும். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிறம்ரனில் ஒரு கிட்டங்கியில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. வாய் மட்டும் முதலாளியின் வாய். அந்த வாய்தான் என் தம்பியைத் திருப்பிக் கொழும்புக்கு அனுப்பப் பார்த்தது.

தம்பி பாக்கியராசா ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தது எண்பத்தேழாம் ஆண்டு மார்கழியில். மட்டக்களப்பில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டு, அடி வாங்கி, வெளியே வந்து, கொழும்பில் ஒளிந்திருந்தவன். அவனை ஏஜென்ட் நேரே கனடாவுக்கு ஏற்றவில்லை. ஒரு நாடும் பார்க்காத பாஸ்போட்டோடு ஒரு கறுத்தப் பெடியன் வந்து நின்றால் மறித்துவிடுவார்கள், ஊர் சுற்றிப் பார்க்கிற பணக்காரன் மாதிரி வந்தால் விடுவார்கள் என்பது அந்த ஏஜென்டின் கண்டுபிடிப்பு. அதனால் பீஜித்தீவைச் சேர்ந்த முனிசாமி என்பவருடைய பாஸ்போட்டில் தம்பியின் தலையை ஒட்டி, ஒரு சாம்பல் நிறக் கோட்டும் ஒரு கமராவும் கொடுத்து, ஹொங்கொங்கில் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டான். கூட்டம் போனது சீனாவில் சியான் என்கிற நகரத்துக்கு. ஒரு காலத்தில் அரசர்களின் தலைநகரமாக இருந்த இடமாம்.

தம்பி அந்தக் கதையை ஒரேயடியாகச் சொல்லவில்லை. கோப்பை கழுவும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வான். கூட்டத்தில் இருந்தவர்கள் நியூசிலாந்துக்காரர், பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்ந்த வாத்திமார். அதில் ஒருவர் பீஜியில் சீனி ஆலையில் பல வருடம் வேலை செய்தவர். முதல் நாள் காலைச் சாப்பாட்டிலேயே அவர் வந்து பக்கத்தில் இருந்து, நீர் பீஜியில் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். தம்பிக்குப் பீஜி கிழக்கா மேற்கா என்றே தெரியாது. கையை எடுத்துக் கன்னத்தில் வைத்து, பல்வலி என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பயணம் முடியும்வரை பல்வலி. கழுத்துத் துண்டைத் தாடையோடு சுற்றிக் கட்டிக்கொண்டு, கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு திரிந்தான். அந்த மனிதரோ இரக்கப்பட்டு, மாத்திரையும் கையுமாக அவனுக்குப் பின்னாலேயே திரிந்திருக்கிறார்.

ஏஜென்டின் கட்டளை இரண்டு. மற்றவர்கள் ஒரு பொருளை எவ்வளவு நேரம் பார்க்கிறார்களோ அவ்வளவு நேரம் நீயும் பார்க்க வேண்டும், முதலில் நகரவும் கூடாது, கடைசியில் நிற்கவும் கூடாது. மற்றது, ஒவ்வொரு இடத்திலும் சிரித்தபடி ஒரு படம். அந்த நகரத்தைச் சுற்றிப் பெரிய மதில் இருக்கிறது. மதிலுக்கு மேலே நாலைந்து மாட்டுவண்டி பக்கத்துப் பக்கமாய்ப் போகலாமாம். மற்றவர்கள் அதன் அழகைப் பார்க்க, தம்பி இறங்குகிற படி எங்கே எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கிறான். நகரத்தின் நடுவில் நாலு தெருவும் சந்திக்கிற இடத்தில் மணிக்கோபுரம். அதைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். அதற்குக் கீழே பச்சை உடுப்புப் பொலிஸ்காரர் நின்றது நினைவிருக்கிறது என்றான்.

செங்கல்லால் கட்டிய இன்னொரு கோபுரம். காட்டு வாத்துக் கோபுரம் என்று பெயர். இந்தியாவுக்கு நடந்தே போன ஒரு பிக்கு அங்கேயிருந்து கொண்டுவந்த ஏடுகளை வைப்பதற்காகக் கட்டியது. வழிகாட்டிப் பெண் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவள், கூட்டத்தில் இந்திய முகத்தோடு நிற்கிற ஒரே ஆளைக் கண்டுவிட்டாள். உங்கள் முன்னோர் எழுதிய ஏடுகள், முன்னுக்கு வாருங்கள், இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். கூட்டம் கைதட்டியிருக்கிறது. தம்பிக்கு வாயில் வந்தது சிவபுராணத்தின் முதல் வரிகள். கண்ணை மூடிக்கொண்டு, தாடைத் துண்டோடு, அதைப் பாடி முடித்தானாம். எல்லோரும் தலையைக் குனிந்து நின்று கேட்டார்களாம். இதைக் கேட்டு நான் வயிறு நோகச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. முழங்கால் இரண்டும் நடுங்கியது வேட்டி கட்டியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று மட்டும் சொன்னான்.

அந்த நகரத்துக்கு வெளியே, மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த மண் படைவீரர்களையும் பார்க்கப் போனார்கள் என்று சொன்னான். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும், அது கிடக்கட்டும் அக்கா என்று தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுவான்.

அங்கிருந்து வேறு இடங்கள் மாறி விமானம் ஏறி, முனிசாமியின் பாஸ்போட்டை விமானக் கழிப்பறைக்குள் கிழித்துப் போட்டுவிட்டு, ரொறன்ரோவில் இறங்கி அகதி என்று கையைத் தூக்கினான். ஏஜென்ட் தொலைபேசியில் ஒன்றே ஒன்று சொன்னான். சீனா என்ற சொல் வாயில் வரக்கூடாது. வந்தால் பின்னால் வருகிற பெடியன்களுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். பம்பாய், லண்டன் என்று சொல்லு. தம்பியும் அப்படியே சொன்னான், லோயரும் அப்படியே எழுதினார். லோயர் ஒரு வெள்ளைக்காரப் பெண், நல்லவர். உன் கதைக்கு உன் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது, ஒரு சின்னப் பொய் பிடிபட்டாலும் அடிபட்டது உதைபட்டது எல்லாவற்றையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள் என்று முதலே சொல்லியிருந்தார். அவர் சொன்னது எங்களுக்கு நல்லாய் விளங்கியது. விளங்கித்தான் நாங்கள் ஏற்கனவே சொல்லிவைத்த பொய்யை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம்.

இனி என் புருசனுக்கு வருகிறேன். கமராவுக்குள் படச்சுருள் அப்படியே கிடந்தது. அதை எடுத்து எறியடா என்று தம்பிக்குச் சொன்னேன். இவர் அதைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் கழுவக் கொடுத்துவிட்டார். படங்கள் என்னவோ அழகாகத்தான் வந்திருந்தன. எங்களிடம் தம்பியின் படம் வேறு ஒன்றுமில்லை, ஓடிவந்தவன் கையில் படம் இருக்குமா? அதைச் சொல்லிச் சொல்லி அல்பத்தில் ஒட்டினார். கிழிக்க எனக்கும் மனம் வரவில்லை. வீட்டுக்குள்தானே கிடக்கப்போகிறது என்று விட்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் முதலில் குடி கேட்பார்கள். தாய்வழியில் வருகிற வம்சப் பெயர் அது. ஒரே குடிக்குள் கட்ட முடியாது, எல்லாக் குடியோடும் கட்டவும் மாட்டார்கள். அந்த நாளில் ரொறன்ரோவில் மட்டக்களப்பு ஆட்கள் இருந்ததே கொஞ்சப் பேர், அதில் குடி பொருந்துகிற மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் எங்கே தேடுவது? சித்திரை வருடப்பிறப்புக்குப் பிள்ளையார் கோயிலில் இராசமணி என்ற அக்காவைக் கண்டோம். பதினைந்து வருடத்துக்கு முன்னமே வந்து விட்பியில் வீடு வாங்கி இருக்கிறவர்கள். யோகமலர் என்று ஒரு தங்கச்சி அவருக்கு. குடியைக் கேட்டார், பொருந்தியது. படம் இருக்கிறதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், இருக்கிறது அக்கா, அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார்.

கொண்டுபோனது எதை? மணிக்கோபுரத்துக்கு முன்னால் நிற்கிற படத்தையல்ல. மண் படைவீரர் இரண்டு பேருக்கு நடுவில் தம்பி கோட்டோடு நின்று சிரிக்கிற படத்தை. பின்னுக்கு இரண்டு மெய்க்காவலர் நிற்கிற மாதிரி எடுப்பாக இருக்கிறதாம். எனக்குத் தெரியாமல் அல்பத்திலிருந்து உரித்தெடுத்துக் கொண்டுபோயிருக்கிறார். கொடுத்ததோடு விட்டாரா, மாப்பிள்ளை சீனா எல்லாம் சுற்றிப் பார்த்தவர் என்றும் சொல்லியிருக்கிறார். அல்பத்தில் வெறும் இடத்தைக் கண்டு நான் கேட்டபோதுதான் அது வெளியே வந்தது. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் கீழ்மாடிக்காரர் மேலே வந்துவிட்டார். திருப்பிக் கேட்டால் சம்பந்தம் முறிந்துபோகும் என்று இவர் கெஞ்சினார். விட்பியில் ஒரு வீட்டில் ரிவிப் பெட்டிக்கு மேலே வைக்கப்போகிற ஒரு படத்தால் யாருக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நானும் ஆறிப்போனேன். தம்பிக்கு இதொன்றும் தெரியாது.

விசாரணை ஆவணி மாதத்தில் வந்தது. ஜன்னல் இல்லாத ஒரு அறை. மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. அதிகாரி ஒல்லியான மனிதர், தடிமன் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். தம்பிக்குப் பக்கத்தில் லோயர். பின்னால் ஒரு கதிரையில் வாயைத் திறக்காமல் இருக்கலாம் என்று என்னை விட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் பிந்தித்தான் வந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்தவர் எனக்குத் தெரிந்த ஆள். இராசமணி அக்காவின் புருசன் செல்வரட்ணம். கோயிலில் காருக்குள் இருந்தபடி ஒருமுறை தலையாட்டியவர். கனடாக் கவுண்மேந்தில் ஏதோ வேலை என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது, இந்த வேலை என்று சொல்லவில்லையே.

அவர் தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் பேனையைப் பார்த்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தார். தம்பி அவரை முன்னே பின்னே கண்டதில்லை. அவன்பாட்டில் நிமிர்ந்து இருக்கிறான். அறையில் நாங்கள் ஐந்து பேர், என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்கள் நானும் அந்த மனிதரும் மட்டும்தான். இருமிப் பார்த்தேன். தம்பி திரும்பவில்லை. இன்னொருமுறை இருமினேன். அதிகாரி தன்னுடைய மிட்டாயில் ஒன்றை எடுத்து எனக்கு நீட்டினார்.

பெயர், ஊர், படிப்பு எல்லாம் போய், எந்தெந்த நாடு வழியாக வந்தீர் என்ற கேள்வி வந்தது. செல்வரட்ணம் பள்ளிக்கூடத் தமிழில் அதைக் கேட்டார். தம்பி பாடமாக்கியதை ஒப்புவித்தான்.

"கொழும்பு, பம்பாய், லண்டன், மறுகா இஞ்ச. வேற ஒரு இடமும் இல்ல."

செல்வரட்ணம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார். பிறகு தம்பி சொன்னதை அப்படியே இங்கிலீசில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. இந்த மனிதர் இப்போது சொல்லவில்லை என்றால் எப்போது சொல்வார்? முடிவில் அதிகாரியைத் தனியே கூப்பிட்டுச் சொல்வாரோ? சத்தியம் செய்த மனிதர் சொல்லாமல் விடுவாரோ?

இடைவேளை விட்டதும் லோயர் தொலைபேசி எடுக்கப் போய்விட்டார். தம்பியை நடைபாதை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"மனே, உந்த மனிசன்ட வீட்டிலதான் உன்ட படம் இரிக்கு."

எந்தப் படம் என்று கேட்டான். சொன்னேன். அத்தான் கொடுத்தது, சீனா என்று பீற்றியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டு, படம் எடுத்த இடம் எது என்று மட்டும் திரும்பக் கேட்டான். மண் ஆமிக்காரரோடு நிற்கிற படம் என்றேன். நீ ஒன்றும் பேசாதே, சொன்னதையே சொல்லிக்கொண்டிரு, அந்தாள் எங்கள் ஊர் ஆள், விட்டுவிடுவார் என்று என்னவெல்லாமோ புலம்பினேன். அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

திரும்ப உள்ளே போனோம். அதிகாரி கருவியைத் தட்டிவிட்டு அடுத்த கேள்வியைத் தொடங்க, தம்பி கையைத் தூக்கினான்.

"ஐயா, நான் முதல் சொன்னது பொய். நான் சீனாவால வந்தனான்."

செல்வரட்ணம் அதை மொழிபெயர்த்ததும் லோயர் தம்பியின் கையைப் பிடித்து அமத்தினார். அதிகாரி பேனையை வைத்துவிட்டுச் சொல்லச் சொன்னார். தம்பி முனிசாமியிலிருந்து தொடங்கினான். பல்வலி, மதில், மணிக்கோபுரம், சிவபுராணம் எல்லாம் வந்தது. அதிகாரியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆக, நீர் உயிருக்குப் பயந்து ஓடுகிற வழியில் நின்று ஊர் பார்த்திருக்கிறீர் என்றார். அதற்குத் தம்பி சொன்ன பதிலைத்தான் என்னால் இன்றைக்கும் அவன் குரலிலேயே கேட்க முடிகிறது.

"ஓம் ஐயா, பாத்தனான். பெரிய கிடங்கு ஒண்டு, குழி தோண்டினது. அதுக்குள்ள ஆயிரக்கணக்கில ஆமிக்காரர், மண்ணால செய்தது, வரிசை வரிசையா நிக்கிறாங்க. ஒவ்வொரு முகமும் வேற வேற எண்டு அந்தப் பிள்ளை பெருமையாச் சொன்னா. எங்களை ஊரில பள்ளிக்கூட மைதானத்தில இப்பிடித்தான் வரிசையா நிப்பாட்டினவங்க. முன்னுக்குச் சாக்கால தலையை மூடின ஒரு ஆள் இருப்பான். அவன் ஆரைப் பாத்துத் தலையை ஆட்டுறானோ அவனைக் கொண்டுபோவாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் நிண்டவங்களுக்கு ஆட்டினான். நான் அந்தக் கிடங்கைப் பாத்துக்கொண்டு, இதில எந்தத் தலை ஆடும் எண்டுதான் நிண்டன்."

செல்வரட்ணம் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, மன்னிக்கச் சொல்லித் தண்ணீர் குடித்தார். பிறகு தொடர்ந்தார். தம்பி மிச்சத்தையும் சொன்னான். அந்தக் கிடங்குக்குள் படம் எடுக்கத் தடை. அது தெரியாமல் அந்தச் சீனி ஆலை மனிதர் தம்பியை நிறுத்திக் கமராவைத் தூக்க, காவல்காரன் ஒருவன் பச்சை உடுப்போடு ஊதலை ஊதிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான். ஊதல் சத்தம் கேட்டதும் தம்பி இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு நிலத்தில் முழங்காலில் இருந்துவிட்டான். யாரும் சொல்லவில்லை, தானாக இருந்தான். இரண்டு மூன்று நாடு தாண்டிப் போன பிறகும் அவனுடைய உடம்பு மைதானத்தில்தான் இருந்திருக்கிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இவ்வளவு நாளும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அவன் மறைத்தது இதைத்தான்.

அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு, பயணத்தில் எடுத்த படங்கள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றான். அந்த இடத்தில் எடுத்தது இருக்கிறதா என்றார். வெளியே, படம் எடுக்கவென்று வைத்த மாதிரிச் சிலைகளோடு எடுத்தது ஒன்று இருக்கிறது என்றான். அடுத்த கேள்வியைச் செல்வரட்ணம் கேட்டபோது பள்ளிக்கூடத் தமிழ் போய்விட்டது.

"அந்தப் படம் இப்ப எங்க இரிக்கு எண்டு கேக்கிறார்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தொலைந்துபோனது என்றால் இன்னொரு பொய், அதுவும் பொய்யை ஒப்புக்கொண்ட பிறகு. உள்ளதைச் சொன்னால் அந்த மனிதரின் வேலை அன்றோடு சரி, தெரிந்த ஆளுக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"அது ஒரு வீட்டில இரிக்கு. அந்த வீட்டாரை இதுக்குள்ள இழுக்க ஏலா. நான் சொல்லமாட்டன்."

செல்வரட்ணம் அதை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தார். அதிகாரி நிமிர்ந்து, அப்படியானால் நீர் இப்போது சொன்னதையும் நான் நம்புவதற்கில்லை, யாருடைய வீடு என்று சொல்ல வேண்டும் என்றார். லோயர் கண்ணை மூடிக்கொண்டார். இவ்வளவும் சொல்லி, முழங்காலில் இருந்ததையும் சொல்லி, கடைசியில் அவனைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினவுடனே கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்தேன். எழும்பிக் கத்த வேண்டும் போல இருந்தது.

செல்வரட்ணம் அந்தக் கேள்வியைத் தம்பியிடம் கேட்கவேயில்லை. பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதிகாரியைப் பார்த்து இங்கிலீசில் பேசத் தொடங்கினார், நிறுத்தி நிறுத்தி, தான் எழுதாத ஒன்றை வாசிக்கிறவர் மாதிரி. என்னுடைய இங்கிலீசுக்கு எல்லாம் பிடிபடவில்லை. என் வீடு, என் மனைவி, ரிவிக்கு மேலே என்பது மட்டும் விளங்கியது. அதிகாரி கருவியை நிறுத்தினார்.

விசாரணையை ஒத்திவைத்தார்கள். வேறு மொழிபெயர்ப்பாளர், வேறு நாள், படத்தை மேசையில் வைக்க வேண்டும். வெளியே வந்தபோது செல்வரட்ணம் நடைபாதையில் தனியே நின்றார். கும்பிட்டேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"நான் முதலே எழும்பிப் போயிருக்கோணும் தங்கச்சி. போனா ஏன் எண்டு கேப்பாங்க, கேட்டா உங்கட தம்பி அதிலயே முடிஞ்சிருப்பான். அதுக்குப் பயந்துதான் இருந்தன்."

இனித் தன்னை இந்த வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்றும் சொன்னார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. விட்பிக்குப் போகிற பஸ்சுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

அடுத்த நாள் குறித்து வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. என் புருசன் அந்த நாட்களில் வாயே திறக்கவில்லை, கல்யாணமாகி அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை, அது கூட எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இரண்டாவது விசாரணைக்குக் கமலாம்பிகை என்ற யாழ்ப்பாணத்து அம்மா மொழிபெயர்க்க வந்தார். இராசமணி அக்கா படத்தைக் கடித உறைக்குள் வைத்துக் கொண்டுவந்து லோயரிடம் கொடுத்தார். கூட வந்த யோகமலரை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். மெலிந்த பிள்ளை, குளிருக்கு வாங்கிய பெரிய சப்பாத்தோடு நடைபாதையில் போட்டிருந்த நீள வாங்கில் குந்தியிருந்தாள். தம்பி அவளைப் பார்க்க வெட்கப்பட்டோ பயப்பட்டோ வேகமாக உள்ளே போய்விட்டான்.

அதிகாரி படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு தம்பிக்கு முன்னால் வைத்தார். இதில் நீர் சிரிக்கிறீர், இது பயந்த மனிதரின் முகமாக எனக்குத் தெரியவில்லை என்றார்.

"நான் முழங்காலில இருந்ததைக் கண்டு எல்லாரும் சிரிச்சாங்க ஐயா. பகிடி விடுறன் எண்டு நினைச்சிட்டாங்க. காவல்காரனும் சிரிச்சான். நானும் சிரிச்சன். சிரிக்காட்டி அவங்களுக்கு விளங்கியிருக்கும். அந்தச் சிரிப்பு அடங்க முதல் வெளியால கொண்டுவந்து எடுத்த படம்தான் உது."

அதிகாரி இன்னொருமுறை படத்தைப் பார்த்தார். அவருக்கு அப்போதும் சிரிப்புத்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். படத்தைக் கோப்புக்குள் வைத்துக் கட்டினார். தம்பி இருக்கலாம் என்று கடிதம் அடுத்த வருடம் வந்தது. ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. எல்லாம் கைவிட்டுப் போனது என்ற நினைப்போடுதான் வெளியே வந்தோம்.

நடைபாதையில் யோகமலர் எழும்பி நின்றாள். என்ன சொன்னார்கள் என்று இராசமணி அக்கா கேட்டார். படத்தில் பயம் தெரியவில்லையாம் என்றேன். எனக்கு வேறு சொல் வரவில்லை. தம்பி எங்களுக்குக் கொஞ்சம் தள்ளிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். யோகமலர் என்னிடம்தான் சொன்னாள், ஆனால் அவனுக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்.

"அந்தப் படம் வந்த அண்டைக்கே நான் அக்காட்டக் கேட்டனான். ஆர் இந்தாளை இழுத்துக்கொண்டு வந்து நிப்பாட்டினது, என்னத்துக்கு இவ்வளவு பயந்துபோய் நிக்கிறார் எண்டு."

ஓம், கேட்டவள்தான் என்று இராசமணி அக்கா சொன்னார். நல்ல மாப்பிள்ளைப் படத்தைப் பார்த்து என்ன கதை கதைக்கிறாய் என்று தான் பேசியதாகவும் சொன்னார்.

தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு அந்த வாங்கில் குந்தி, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, வந்த நாளிலிருந்து ஒருமுறையும் அழாதவன், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க அழுதான். யோகமலர் வாங்கின் மற்றத் தொங்கல் ஓரத்தில் போய் இருந்தாள்.